ஒரே பேருக்காரிங்க அலமாரி

என்ன, எல்லாரும் நல்லாருக்கீங்களா? கண்ணு, காது, முழங்காலு எல்லாம் சொன்ன பேச்சு கேக்குதா? சுகர் இருக்கறவங்க மாத்திரை போட்டாச்சா? போட்டுட்டு வந்து உக்காருங்க. இன்னைக்கு ஒரு ரத்தக்காரம்மா கதை. பயந்துடாதீங்க, கொலை கிலை ஒண்ணும் கிடையாது. கையில ஊசி குத்தி, ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்கல்ல, அந்த வேலை பாக்கறவ. க்ளினிக்குக்கு வர்றவங்க அவளை ரத்தக்காரம்மான்னுதான் சொல்லுவாங்க. வீட்ல அவ சின்னவ.

சின்னவன்னா பெரியவ ஒருத்தி இருக்கணுமில்ல? இருக்கா. பெரியப்பா மக. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வயசுகூட முழுசா கிடையாது. பெரியப்பாவும் அப்பாவும் ஒரே வீட்ல கூட்டுக் குடித்தனம். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் செத்துப்போன தங்களோட அம்மான்னா உசுரு. அண்ணனுக்குப் பொண்ணு பொறந்ததும் அம்மா பேரை வெச்சாரு. தம்பிக்குப் பொண்ணு பொறந்ததும் அவரும் அதே பேரைத் தூக்கி வெச்சாரு. "அதான் உங்க அண்ணன் வெச்சுட்டாருல்ல, வேற நல்ல பேரா வைக்கலாமே"ன்னு சின்னவளோட அம்மா கேட்டதுக்கு, "ஏன், அவருக்கு மட்டும்தான் அம்மாவா?"ன்னாராம். இதுக்கு யாரு என்ன பதில் சொல்றது?

அப்புறம் என்ன, ஒருத்தியைக் கூப்பிட்டா ரெண்டு பேரு ஓடி வந்தாங்க. ஒருத்தியைத் திட்டினா ரெண்டு பேரும் அழுதாங்க. இந்த வம்பே வேணாம்னு பெரியவ, சின்னவன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க, அதுவே நிலைச்சுப்போச்சு. அந்தப் பேரு பள்ளிக்கூட ரெஜிஸ்டர்ல மட்டும் இருந்துச்சு. நல்ல நாளைக்குக் கட்டறதுக்குன்னு மடிச்சு வெச்சு, கட்டாமயே போன சேலை மாதிரி.

ஒருநாள் பெரியப்பா, ரோட்டோரத்துல பழைய புக்கு விக்கிறவன்கிட்ட இருந்து ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. ஒரு நீச்சல்காரியோட வாழ்க்கை. கடலை இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு நீந்திக் கடந்தவளாம். அட்டையில கொட்டை எழுத்துல அவ பேரு. அதான், இவளுங்க பேரு! அச்சுல தன் பேரைப் பாத்ததும் ரெண்டுக்கும் தலைகால் புரியல.

"என் பேருடி!"

"என் பேருடி! நான்தான் முதல்ல பொறந்தேன்!"

"முதல்ல பொறந்தா? முதல்ல சாவு போ!"

ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்ததுல அட்டை ரெண்டாப் போச்சு. மறுநாள் பெரியப்பா, யாரோ வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறாங்கன்னு ஒரு கண்ணாடிக் கதவு அலமாரியை வண்டியில ஏத்திட்டு வந்து கூடத்துல வெச்சாரு. "பேரு ஒண்ணு, அலமாரியும் ஒண்ணு. இந்தப் பேருல எவ புக்கு எழுதினாலும் சரி, இந்தப் பேருல இருக்கறவளைப் பத்தி எவன் எழுதினாலும் சரி, தேடிப் புடிச்சு இதுல வைங்க. உனக்கு எனக்குன்னு சத்தம் கேட்டுச்சு, ரெண்டு பேரையும் உள்ள தள்ளிப் பூட்டிடுவேன்."

அதுல இருந்து பைத்தியம் புடிச்சுது பாருங்க. எந்தக் கடைக்குப் போனாலும், எந்த வீட்டுக்கு விருந்தாளியாப் போனாலும், கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு அந்தப் பேரைத் தேடுவாளுங்க. எத்தனை பேருங்கறீங்க! பாம்பு புடிக்கிற ஒருத்தி. ராத்திரியெல்லாம் வானத்தைப் பாத்து நட்சத்திரக் கணக்கு எழுதினவ ஒருத்தி. ஜெயில்ல வார்டனா இருந்து, கைதிங்ககிட்ட தான் கத்துக்கிட்டதை எல்லாம் எழுதினவ ஒருத்தி. சர்க்கஸ் நடத்தினவ. கோழி வளக்கறது எப்படின்னு எழுதின மாட்டு டாக்டர். மலச்சிக்கலை விரட்டறது எப்படின்னு எழுதின மனுஷ டாக்டர். படிக்கவே முடியாத கவிதை எழுதின ஒரு மந்திரியோட சம்சாரம். என்ன எழுதியிருக்காங்கங்கறது முக்கியம் இல்ல. பேரு அதுவா இருக்கணும், அவ்வளவுதான்.

அதுக்குச் சட்டதிட்டம் வேற. நடுவுல அந்தப் பேரு வந்தா செல்லாது. புருஷன் பேருக்கு முன்னாடி வந்தா செல்லும். ஒரு கதை எழுதறவ, அவ நிஜப் பேரு வேற, புனைபேருதான் இது. இது செல்லுமா செல்லாதான்னு ரெண்டு பேரும் வாரக்கணக்குல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாளுங்க. கடைசியில பெரியவதான் தீர்ப்பு சொன்னா: "நமக்காச்சும் அப்பா வெச்சாரு. அவ தானே ஆசைப்பட்டு வெச்சுக்கிட்டாடி. நம்மளைவிட அவளுக்குத்தான் உரிமை ஜாஸ்தி."

இதுல ஒரு கூத்து பண்ணினாளுங்க. புக்கு வாங்கினதும் முதல் பக்கத்துல பேரு எழுதுவோமில்ல? இவளுங்களும் எழுதினாளுங்க. பேரை மட்டும். இன்னாரோட மகள்னு தெரியற மாதிரி ஒரு இனிஷியல்கூட கிடையாது. ரெண்டு பேருக்கும் எழுத்துப் பழக்கிவிட்டது ஒரே அத்தை. அதனால கையெழுத்தும் அச்சு அசல் ஒண்ணு. எந்தப் புக்கு எவ வாங்கினதுன்னு அந்தக் கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. அப்போ அது பெரிய விஷயமாத் தெரியல. ஒரே வீட்ல இருக்கறவங்களுக்கு எதுக்கு இனிஷியல்?

பெரியவளுக்குக் கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளைக்குப் பேங்க்ல கேஷியர் வேலை, ஊர் ஊரா மாத்தல். "பாதி என்னோடதுடி, வீடு கட்டினதும் வந்து எடுத்துக்கறேன்"ன்னு சொல்லிட்டுப் போனா. வீடு கட்டல. மக பொறந்தா, வளந்தா, பெரியவளோட வீட்டுக்காரரும் போய்ச் சேந்தாரு. இப்போ வேற ஊர்ல மக வீட்ல இருக்கா. காலையில பஸ் ஏறினா மத்தியானம் போய்ச் சேந்துடலாம், அவ்வளவு தூரம்தான்.

சின்னவ கல்யாணமே பண்ணிக்கல. வந்த மாப்பிள்ளைங்க சரியில்ல, சரியான மாப்பிள்ளைங்க வரல. அப்பா, அம்மா, பெரியப்பா எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா போனதும், இருந்த வீடு கைமாறிப்போச்சு. அலமாரியைத் தூக்கிக்கிட்டு ரெண்டு ரூம் வாடகை வீட்டுக்கு வந்தா. வந்தப்புறமும் வாங்கறதை நிறுத்தல. கண்ணுல பட்டா வாங்குவா, முதல் பக்கத்துல பேரை எழுதுவா, இனிஷியல் போடாம. சட்டம் சட்டம்தானே.

ரெண்டு பேருக்கும் சண்டையான்னு கேப்பீங்க. அதான் இல்ல. அதான் கஷ்டமே. சண்டைன்னா யாராச்சும் நடுவுல வந்து சமாதானம் பண்ணலாம். இவளுங்களுக்குள்ள ஒண்ணுமே நடக்கல. முதல்ல வாரத்துக்கு ஒரு போன். அப்புறம் பொறந்தநாளுக்கு. அப்புறம் "அவளே பண்ணட்டுமே"ன்னு இவ, "இவளே பண்ணட்டுமே"ன்னு அவ. குழாய்ல தண்ணி நின்னுபோற மாதிரி, சொட்டு சொட்டாக் கொறைஞ்சு, நின்னதே தெரியாம நின்னுபோச்சு.

இப்படி இருக்கும்போது வீட்டுக்கார அம்மா ஒருநாள் வந்து நின்னா. "பையன் வேலை மாத்திக்கிட்டு வர்றான், பக்கத்து ரூம் எனக்கு வேணும். நீங்க ஒண்டிக்கட்டைதானே, ஒரு ரூம் போதாதா?"

போதும். ஆளுக்குப் போதும். அலமாரிக்குத்தான் போதாது.

சின்னவளுக்கு உண்மையில சந்தோஷம்தான் வந்துச்சு, சொன்னா நம்ப மாட்டீங்க. போன் பண்ண ஒரு காரணம் கெடைச்சுதே! புக்கைப் பங்கு பிரிக்கணும்னா பெரியவ நேர்ல வந்துதானே ஆகணும்? எது யாரோடதுன்னு தெரியாதே. ஒவ்வொண்ணா எடுத்து, "இது நான் வாங்கினது", "போடி, நான் வாங்கினது"ன்னு அடிச்சுக்கணும். ரெண்டு மூணு நாளாச்சும் ஆகும். மெத்தைக்கு உறைகூட மாத்தி வெச்சுட்டுத்தான் போன் பண்ணினா.

"ஹலோ, யாரு?" பெரியவ குரல்.

"நான்தான், சின்னவ."

"அடடே, என்னடி, நல்லாருக்கியா?"

"இருக்கேன். அலமாரி விஷயமா பேசணும். ரூமைக் குறைக்கறாங்க. உன் பாதியை வந்து எடுத்துக்கிட்டுப் போ."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "ஐயோ, எனக்கு எதுக்குடி இனிமே? நீயே வச்சுக்க. இல்ல, யாராச்சும் கேட்டா குடுத்துடு. சரி, உடம்பைப் பாத்துக்க, என்ன?"

முடிஞ்சுது. போனை வெச்சுட்டா. சின்னவ முகத்துல ஈயாடல. "நீயே வச்சுக்க"ன்னு ஒரு வார்த்தை. கேக்கறவங்களுக்கு எவ்வளவு பெருந்தன்மைன்னு தோணும். இவளுக்கு அது கதவைச் சாத்தின சத்தம் மாதிரி இருந்துச்சு.

மறுநாள் க்ளினிக்குல வெறும் வயித்துல ரத்தம் குடுக்க வந்த கூட்டம். காலையில எல்லாருக்கும் பசி, எல்லாருக்கும் கோவம். சின்னவ வாசல்ல நின்னு ஒவ்வொரு பேரா கூப்பிடணும். அன்னைக்குச் சீட்டுல பாத்தா, அவளோட பேரு. ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒரே நாள்ல ஒரே பேருல ரெண்டு பேரு வந்தா அங்க ஒரு வழக்கம் உண்டு. ரத்தம் புடிக்கிற ட்யூப் மேல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டணும், வயசும் அப்பா பேரும் வாய்விட்டுக் கேக்கணும், ஒருத்தர் போனப்புறம்தான் இன்னொருத்தர் உள்ள வரணும். மாறிப்போச்சுன்னா வம்பாயிடும்.

பேரைக் கூப்பிட்டா. ஒரு காலேஜ் பொண்ணு எழுந்துது. ஒரு வயசான அம்மாவும் எழுந்தாங்க.

பொண்ணு கையில ரப்பரைக் கட்டிக்கிட்டே சின்னவ சும்மா பேச்சுக் குடுத்தா. "என் பேரும் இதான், தெரியுமா?"

"நெஜமாவா ஆன்ட்டி? உங்களுக்குப் பரவால்ல, செட் ஆகுது. எனக்குப் பாருங்க, கிழவி பேரு. மாத்திக்கப்போறேன்." ஊசி உள்ள போறதைக்கூடப் பாக்கல, இன்னொரு கையில போனைத் தேய்ச்சுக்கிட்டு இருந்துச்சு.

அடுத்து அந்த அம்மா. நரம்பே சிக்கல. தட்டித் தட்டித் தேட வேண்டியதாயிருந்துச்சு. சீட்டைப் பாத்தா போன மாசம் எடுத்த அதே டெஸ்ட். அதுக்கு முந்தின மாசமும் அதேதான். எல்லாமே நார்மல்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையேம்மா. டாக்டரம்மா மாசாமாசம் எடுக்கச் சொன்னாங்களா?"

"இல்ல சிஸ்டர், நானாத்தான் வர்றேன்." அந்த அம்மா பஞ்சை அமுக்கிக்கிட்டுச் சிரிச்சாங்க. "வீட்ல அம்மாங்கறாங்க, அத்தைங்கறாங்க, பக்கத்து வீட்ல பாட்டிங்கறாங்க. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர் போய்ட்டாரு. இங்க வந்து உக்காந்தா நீங்க சத்தமா, முழுசா, அழகா கூப்பிடறீங்க."

சின்னவ ஸ்டிக்கரை ஒட்டினா. கை அது பாட்டுக்கு வேலை செஞ்சுது. அந்த அம்மா போனப்புறம், தண்ணி குடிச்சுட்டு வந்துதான் அடுத்த பேரைக் கூப்பிட்டா. இந்த அம்மாவுக்காச்சும் போய் உக்கார ஒரு இடம் இருக்கு. தான் எந்தக் க்ளினிக்குல போய் உக்கார்றது, இங்க கூப்பிடறதே தானாச்சேன்னு நெனைச்சா.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து வெச்சுக்கிட்டுத் தரையில உக்காந்தா. பெரியவ சந்தோஷமா வர மாட்டா. சரி. கோவமா வருவாளே? சின்ன வயசுல பங்கு கொஞ்சம் கோணினாக்கூட அவளுக்குப் பொறுக்காது. ஒரு பிஸ்கட் ஒடையறதுல பாதி பெருசாப் போச்சுன்னா, ஊரைக் கூட்டிடுவா. அவளைக் கெளப்பறதுக்கு ஒரே வழிதான்.

ஏமாத்தணும். அப்பட்டமா, அநியாயமா, நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேள்வி கேக்க வைக்கிற அளவுக்கு ஏமாத்தணும்.

நீச்சல்காரி எனக்கு. நட்சத்திரக்காரி எனக்கு. பாம்புக்காரி, ஜெயில்காரி, சர்க்கஸ்காரி எல்லாரும் எனக்கு. பெரியவளுக்குக் கோழி வளர்ப்பு. அதுவும் தெரியாத்தனமா மூணு தடவை வாங்கின புக்கு, மூணும் அவளுக்கே. மலச்சிக்கல் அவளுக்கு. மந்திரி சம்சாரத்தோட கவிதை அவளுக்கு. இதெல்லாம் வெச்சும் மனசு ஆறல. இன்னும் ஒண்ணு வேணும்னு தேடினப்போதான் ராணி கண்ணுல பட்டா.

இவளுங்க பேருல ஒரு ராணி இருந்தா. அவ வாழ்க்கையை யாரோ ரெண்டு பாகமா, தலகாணி தண்டிக்கு எழுதியிருக்காங்க. பெரியவ கல்யாணமாகிப் போனப்புறம் சின்னவ வாங்கினது, அதனால பெரியவ படிச்சதே இல்ல. முதல் பாகத்துல ராணி பொறந்து, வளந்து, பட்டத்துக்கு வந்து, ஆட்டம் போடறா. ரெண்டாம் பாகம் தொறந்தா முதல் பக்கத்துலயே ஒரு தீவுல, ஜெயில்ல கெடக்கறா. நடுவுல என்ன நடந்துச்சுன்னு முதல் பாகத்தோட கடைசியிலதான் இருக்கு.

சின்னவ முதல் பாகத்தைத் தன் பக்கம் வெச்சுக்கிட்டா. ரெண்டாம் பாகத்தை மட்டும் பெரியவ பெட்டியில போட்டா. போடும்போது அவளுக்கே சிரிப்பு வந்துடுச்சு. எத்தனையோ நாளைக்கப்புறம் அந்த வீட்ல அவ சத்தமாச் சிரிச்சது அன்னைக்குத்தான். சிரிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, யாரும் இல்ல.

பார்சல் போச்சு. காலி அலமாரியைக் க்ளினிக்குக்கே குடுத்துட்டா, கையுறை டப்பா எல்லாம் அடுக்கி வைக்க. தன் பங்கு புக்கையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளினா. போனைக் கையிலயே வெச்சுக்கிட்டுக் குட்டி போட்ட பூனை மாதிரி அந்த ஒரு ரூமுக்குள்ள அலைஞ்சா. குளிக்கப் போனாலும் போன் வெளியில ஸ்டூல் மேல. ஒருநாள் அடிச்சுது, பாஞ்சு எடுத்தா, லோன் வேணுமான்னு கேட்டான் ஒருத்தன். அவன்கிட்டகூட ரெண்டு வார்த்தை நல்லா பேசினா, பாவம்.

வாரம் போச்சு. போன் வரல. பாத்திருக்கவே மாட்டா, பெட்டியைப் பிரிக்காமயே பரண்ல போட்டிருப்பான்னு மனசைத் தேத்திக்கிட்டு, அன்னைக்குச் சாப்பாட்டுக்கு உக்காந்தா. அப்பத்தான் அடிச்சுது.

"அடியே!"

அந்த ஒத்தை வார்த்தையில சின்னவளுக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. கோவம்! சுத்தமான, கலப்படமில்லாத கோவம்!

"என்னடி?" முடிஞ்சவரைக்கும் அலட்சியமாக் கேட்டா.

"அந்த ராணி ஏன் தீவுல கெடக்கா?"

"எந்த ராணி?"

"நடிக்காத, பல்லைப் பேத்துடுவேன். மூணு கோழிப் புக்கை அனுப்பியிருக்கியே, இங்க மூணாவது மாடியில நான் கோழி வளத்து முட்டை விக்கவா? மலச்சிக்கல் யாருக்குடி, எனக்கா? அதெல்லாம் போகட்டும். ராணி ஏன் ஜெயிலுக்குப் போனா? அவளைக் காட்டிக் குடுத்தது யாரு? அவளோட தம்பிக்காரனா? நானும் பொறுத்துப் பொறுத்துப் பாக்கறேன், அறுபது பக்கம் படிச்சுட்டேன், ஒரு எழவும் சொல்ல மாட்டேங்கறான். முதல் பாகம் எங்க?"

"என்கிட்ட."

"அனுப்பு."

"மாட்டேன். வேணும்னா வந்து வாங்கிக்க."

"வெளையாடாதடி. அனுப்பு."

"என் பங்கு, நான் எதுக்கு அனுப்பணும்? நேர்ல வா. வந்து சண்டை போடு. போட்டு ஜெயிச்சா எடுத்துக்கிட்டுப் போ."

பெரியவளுக்குப் பின்னால டிவி சத்தம்கூட இல்ல, அந்த வீடு அவ்வளவு அமைதியா இருந்துச்சு.

"என்னால வர முடியாதுடி," பெரியவ மெதுவாச் சொன்னா.

"ஏன், உன் மக விட மாட்டாளா?"

"அவ வீட்ல இருந்தாத்தானே விடறதும் விடாததும். நான் எறங்க முடியாது. மூணாவது மாடி, லிஃப்ட் கெடையாது. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சுதுல்ல, ஆபரேஷன் பண்ணி கம்பி வெச்சாங்கல்ல, அதுல இருந்து படி எறங்கவே இல்ல."

"என்ன 'ல்ல, ல்ல'ங்கற? எனக்கு எப்படித் தெரியும்? எப்ப விழுந்த?"

"போன வருஷம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"நீ ஒரு வார்த்தை கேட்டியாடி?"

சின்னவ ஊர்ல இருக்கறவன் ரத்தத்தை எல்லாம் எடுத்து, யாருக்குச் சர்க்கரை ஏறுது, யாருக்கு ரத்தம் கொறையுதுன்னு விரல் நுனியில வெச்சிருக்கறவ. கூடப் பொறந்த மாதிரி வளந்தவளுக்கு இடுப்பு ஒடைஞ்சது தெரியல.

"வந்து எடுத்துக்கோன்னு நீ கூப்பிட்டப்போ," பெரியவ சொன்னா, "என்னத்தைச் சொல்றது? அதான் நீயே வச்சுக்கோன்னேன்." அப்புறம் குரலை மாத்திக்கிட்டா. "சரி, அழுவாத. தம்பிக்காரன்தானே காட்டிக் குடுத்தான்? அதை மட்டும் சொல்லித் தொலை."

"சொல்ல மாட்டேன்," சின்னவ மூக்கை உறிஞ்சினா.

ஞாயித்துக்கிழமை காலையிலயே முதல் பாகத்தைப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறினா. வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. அவ வரணும், அவ வரணும்னே நெனைச்சிருக்கோமே, நாம போகணும்னு ஒருதடவைகூடத் தோணலையே? கூப்பிடாம எப்படிப் போறதுன்னு இருந்துட்டா. அங்க ஒருத்தி, வராதவளை எப்படிக் கூப்பிடறதுன்னு இருந்திருக்கா.

பெரிய பெரிய கட்டடமா ஒண்ணு மாதிரியே ஒண்ணு. விசாரிச்சு விசாரிச்சு வந்து சேந்தா. கீழ வாசல் பூட்டியிருந்துச்சு. சுவத்துல வரிசையா பட்டன். மூணாவது மாடிப் பட்டனை அமுக்கினதும் ஒரு சின்ன டப்பாவுல இருந்து கரகரன்னு குரல் வந்துச்சு.

"யாரு?"

சின்னவன்னு சொல்ல வாயெடுத்தா. என்ன தோணுச்சோ, தன் பேரைச் சொன்னா. க்ளினிக் வாசல்ல நின்னு கூப்பிடற மாதிரியே, சத்தமா, முழுசா.

"அது நானாச்சே. நீ யாரு?"ன்னு கேட்டுட்டு, கெக்கெக்கேன்னு ஒரு சிரிப்பு. வாசக்கதவு டொக்குன்னு தொறந்துக்கிச்சு.

பெரியவ நாலு கால் ஸ்டாண்டைப் புடிச்சுக்கிட்டுக் கதவாண்ட நின்னுக்கிட்டு இருந்தா. பாதி ஆளாயிருந்தா. சின்ன வயசுல சின்னவளைவிட ஒரு சாண் உசரம், இப்போ ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருந்தாங்க. கட்டிப் புடிக்கலாம்னா நடுவுல ஸ்டாண்டு. தோளைத் தொட்டுக்கிட்டாங்க.

"எங்க உன் மக, மாப்பிள்ளை?"

"வெளிய போயிருக்காங்க. அவங்களுக்கு லீவு இருக்கறதே ஒருநாள். என்னைக் கூட்டிக்கிட்டா போக முடியும்? நல்லவங்கதான்டி, சாப்பாடெல்லாம் மூடி வெச்சுட்டுத்தான் போவாங்க."

பெரியவளுக்குன்னு சின்ன ரூம் ஒண்ணு. கட்டிலு, மாத்திரை டப்பா, ஜன்னலு. ஜன்னலைத் தொறந்தா எதிர்க் கட்டடத்துச் சுவரு. தலைமாட்டுல மூணு கோழிப் புக்கும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, அது மேல தண்ணி டம்ளரு.

சின்னவ டீ போட்டா. பேச எவ்வளவோ இருந்துச்சு. வழியெல்லாம் கோத்து வெச்சுக்கிட்டு வந்திருந்தா. அந்தக் க்ளினிக் அம்மாவைப் பத்திச் சொல்லணும். ஒத்தை ரூமைப் பத்திச் சொல்லணும். சாயங்காலம் ஆனா பேச ஆளில்லாம கெடக்கறதைப் பத்தியும் சொன்னா சொல்லலாம்.

"எங்கடி அது?"ன்னு பெரியவ கையை நீட்டினா.

முதல் பாகத்தைக் குடுத்தா. பெரியவ கண்ணாடியைப் போட்டுக்கிட்டா, கட்டில்ல சாஞ்சா, முதல் பக்கத்துல இருந்த பேரை விரலால ஒருதடவை தடவினா. "இது என் கையெழுத்துடி"ன்னா. அப்புறம் படிக்க ஆரம்பிச்சுட்டா.

படிக்கிறா, படிக்கிறா, தலையே தூக்கல. ஒருதடவை "அடிப்பாவி"ன்னா, அது ராணிக்கு. சின்னவ ரெண்டு மூணு தடவை கனைச்சுப் பாத்தா. "ம்"னு ஒரு சத்தம், பக்கம் திரும்புச்சு. சரின்னு நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்துல போட்டுக்கிட்டு, எதிர்ச் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்தா. தனியா உக்காந்து சுவத்தைப் பாக்கறதுக்கும், பக்கத்துல ஒருத்தி மூச்சு விடறதைக் கேட்டுக்கிட்டே சுவத்தைப் பாக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குதான்னு நீங்க கேட்டா, அவ இருக்குன்னுதான் சொல்லுவா.

கொஞ்ச நேரத்துல பக்கம் திருப்பற சத்தம் நின்னுச்சு. பெரியவ தூங்கிட்டா. புக்கு நெஞ்சு மேல, கண்ணாடி மூக்கு மேல. சின்னவ கண்ணாடியைக் கழட்டி வெச்சா. மணிக்கட்டைத் தொட்டு நாடி பாத்தா, தொழில் பழக்கம். நல்லாத்தான் அடிச்சுது. கடைசி பஸ்ஸுக்குள்ள கெளம்பணும். எழுப்பலாமான்னு நெனைச்சா. எழுப்பினா, "போய்ட்டு வரேன்"னு சொல்லணும், "சரி, உடம்பைப் பாத்துக்க"ன்னு அவ சொல்லுவா, திரும்பவும் அந்தக் குழாய் சொட்டு சொட்டா நின்னுபோகும்.

எழுப்பல. டீ டம்ளரைக் கழுவி வெச்சா. ஜன்னலோரம் கெடந்த ரெண்டாம் பாகத்தைச் சத்தமில்லாம எடுத்துத் தன் பையில போட்டுக்கிட்டா. கதவைச் சாத்திக்கிட்டு எறங்கிட்டா.

பஸ்ல ஜன்னலோரத்துல இடம் கெடைச்சுது. மடியில அந்தத் தலகாணி கனம் கனத்துச்சு. முதல் பாகம் முடியற இடத்துல தம்பிக்காரன் சங்கதி வரும், அப்புறம் ராணியைப் படகுல ஏத்துவாங்க, அதோட முடிஞ்சுபோகும். அதுக்கு மேல தெரியணும்னா ரெண்டாம் பாகம் வேணும். கையை விட்டுத் தேடுவா, இருக்காது. அப்போ தெரியும் பெரியவளுக்கு.

ரூமுக்கு வந்து லைட்டைப் போட்டா. அலமாரி இருந்த சுவத்துல வெளுப்பா ஒரு கட்டம். புக்கைக் கட்டில் மேல வெச்சுட்டு, போனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உக்காந்தா.

அன்னைக்குப் போன் வரல. மறுநாளும் வரல. அதுக்கடுத்த நாளும்தான். அதுக்கென்ன, அவ்வளவு பெரிய புக்கைப் படிச்சு முடிக்கணுமில்ல? பெரியவ எப்பவுமே மெதுவாத்தான் படிப்பா. எழுத்துக் கூட்டிக் கூட்டி, உதட்டை அசைச்சுக்கிட்டு. சின்னவ தனக்குத் தானே அதைச் சொல்லிக்கிட்டு, காலையில க்ளினிக் வாசல்ல நின்னு, அடுத்தவங்க பேரைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கா.

உங்க பேருலயே இன்னொருத்தரு உங்க வீட்லயோ, வகுப்புலயோ, வேலையிலயோ இருந்திருப்பாங்களே? உங்க பேரு போட்ட புக்கு ஏதாச்சும் கண்ணுல பட்டிருக்கும், எடுத்துப் புரட்டியிருப்பீங்க. அதைப் பத்தி ரெண்டு வரி எழுதிப் போடுங்க, படிக்க ஆசையா இருக்கு. எழுதறதுக்கு முன்னாடி, ரொம்ப நாளாப் பேசாம விட்ட ஆளு யாராச்சும் இருந்தா, அவங்களுக்கு ஒரு போனைப் போட்டுட்டு வந்து எழுதுங்க. என்ன பேசினாங்கன்னும் சொல்லுங்க.